ஒரு மண், ஏழு பாவம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரிகைப் பக்கம் சவாரி வர மாட்டோம் என்று ஓசூர் ஆட்டோக்காரர்கள் சொல்ல ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. போனால் திரும்பி வர வழி கிடைக்காது. சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள். பாதிக்குத் தமிழ்நாட்டு நம்பர், பாதிக்குக் கர்நாடக நம்பர். மாலூர், கோலார், சூளகிரி, ராயக்கோட்டை என்று எல்லாத் திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பை. பையில் மண்.

மண்ணை விற்க வரவில்லை. முகரக் கொடுக்க வந்திருந்தார்கள்.

முகர்பவர் டாக்டர் மிருத்திகானந்த சுவாமிகள். டாக்டர் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பல்கலைக்கழகமும் முன்வந்து சொல்லவும் இல்லை. ஊர்க்கோடியில் மூடிக் கிடந்த கோழிப்பண்ணை ஒன்றைப் பிடித்து வெள்ளையடித்து, வாசலில் போர்டு மாட்டியிருந்தார். ‘அகில பாரத இயற்கை மண் அருள் ஆராய்ச்சி மையம்.’ அதற்குக் கீழே, ‘முழுக்க இயற்கை. ரசாயனம் கலவாதது. மண்ணின் பாவம் நீக்கும்.’ மூன்றாவது வாக்கியத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

சுவாமிகள் இயற்கை உரத்தைப் பற்றி இமயமலைக் குகை ஒன்றில் இருபத்தேழு வருஷம் ஆராய்ச்சி செய்தவர். குகைக்குள் எந்தப் பயிர் விளையும் என்பது மட்டும் வெளியாகவில்லை. ஆராய்ச்சியின் முடிவு ஒரு கறுப்புப் பொடி. பெயர் ஜீவபஸ்பம். தமிழில் பாவம், தெலுங்கில் பாபம், கன்னடத்தில் பாப. மூன்றுக்கும் பொட்டலம் ஒன்றுதான்.

மையத்தின் நடைமுறை கச்சிதமாக இருந்தது. முதலில் பிரதாப்பிடம் போக வேண்டும். பிரதாப் மைய நிர்வாகி. நாற்பது வயது, காதில் எந்நேரமும் புளூடூத். அவர் ஒரு டோக்கனும் ஒரு படிவமும் தருவார். படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். நிலம் சொந்தமா, குத்தகையா? போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா? பங்காளிகளோடு பேச்சுவார்த்தை உண்டா? மாடு விற்றீர்களா? ஏழாவது கேள்வி: வீட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண் உண்டா?

அதன் பிறகு உள்ளே. சுவாமிகள் கண்களை மூடியபடி இருப்பார். பக்தர் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது அவருடைய விரதம். பிரதாப் படிவத்தை உரக்கப் படிப்பார். சுவாமிகள் பையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், அதில் என்ன பாவம் இருக்கிறது என்று சொல்வார். கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும். நம் வீட்டில் மாடு விற்றது இவருக்கு எப்படித் தெரியும் என்று, சற்று முன்பு தானே எழுதிக் கொடுத்தவர் வாயைப் பிளந்து நிற்பார்.

கடைசியில் செம்பு. பித்தளைச் செம்பில் பாதித் தண்ணீர் விட்டு, இரண்டு கைப்பிடி ஜீவபஸ்பம் போட்டுக் கலக்கி, "கையை வை" என்பார்கள். வைத்தால் ஐஸ்கட்டியைத் தொட்டதுபோல் இருக்கும். ஐஸ் போடவில்லை, கண்ணெதிரே பொடிதான் போட்டார்கள். "பூமித்தாய் குளிர்ந்துட்டா" என்பார் பிரதாப். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆண்கள் காணிக்கை உண்டியலைத் தேடுவார்கள்.

பொடி வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போட்ட ஒரு வாரத்தில் பயிர் கரும்பச்சையாகிவிடும். கிருஷ்ணப்பனின் தக்காளித் தோட்டத்தை வந்து பார்த்தவர்கள் அத்தனை பேரும் சாட்சி. செடி இடுப்பு உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. காய்தான் இல்லை. "மொதல்ல பாவம் கரையணும், அப்புறம்தான் காய் வரும்" என்று சொல்லி இரண்டாவது பொட்டலம் வாங்கி வந்திருந்தார் கிருஷ்ணப்பன்.

அவருடைய பக்கத்துத் தோட்டக்காரர்தான் திம்மராயன். ஒன்றரை ஏக்கர். மூன்று வருஷமாகத் தக்காளிக்குப் பின் தக்காளி, அதற்குப் பின்னும் தக்காளி. இந்த முறை செடி மஞ்சளடித்து நின்றது. இந்தப் பக்கம் மஞ்சள், வேலிக்கு அந்தப் பக்கம் பச்சை. ஒரு விவசாயியால் எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? மனைவி நாராயணம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு பை மண்ணோடு அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றார்.

சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியபோது மருமகள் சுமலதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. குவாலிட்டி பிரிவு. ஒரு நாளைக்கு நானூறு இரும்புத் துண்டுகள் அவள் கை வழியே போகும். நல்லதை ஒரு டப்பாவிலும் கெட்டதைச் சிவப்பு டப்பாவிலும் போடுவாள். ஆறு வருஷமாக இதைச் செய்து செய்து, யார் எதைச் சொன்னாலும் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ளாத குணம் வந்துவிட்டது. மருமகளுக்கு இது நல்ல குணம் இல்லை என்று நாராயணம்மா பலமுறை சொல்லியிருக்கிறார்.

"சொல்லிட்டாரும்மா. கண்ண மூடிக்கிட்டே, நேர்ல நின்னு பார்த்தாப்புல சொல்லிட்டாரு" என்றார் நாராயணம்மா.

"என்னா சொன்னாரு அத்தை?"

"இரும்பு தொட்ட பொம்பள காலு பட்ட மண்ணாம் அது. அவ வேலைய விட்டு, நாப்பத்தெட்டு நாளு வூட்டோட இருக்கணும். அப்பத்தான் பஸ்பம் புடிக்கும்னாரு. அமாவாசைக்குள்ள விடணுமாம்."

சுமலதா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "நான் கம்பெனிக்குப் போறன்னு அந்த ஃபாரத்துல எழுதுனீங்களா?"

"கேட்டிருந்தாங்க, எழுதுனோம்" என்றார் திம்மராயன்.

"அப்ப அவுரு மோந்து பார்த்துச் சொல்லலைங்க மாமா. படிச்சுப் பார்த்துச் சொன்னாரு."

"அவுரு எங்கம்மா படிச்சாரு? அவுரு கண்ண மூடிட்டு இருந்தாரு. படிச்சது பிரதாப்பு."

சுமலதா புருஷன் தினேஷ்குமாரைப் பார்த்தாள். அவனும் இன்னொரு கம்பெனியில் ஃபிட்டர்தான். காலையிலிருந்து ராத்திரி வரை இரும்பைத்தான் தொடுகிறான்.

"நீங்களும் இரும்பத்தான தொடறீங்க?"

"நானு ஆம்பள" என்றான் தினேஷ்குமார், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

இரும்புக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டே நாளில் அவன் இங்கிலீஷில் ராஜினாமாக் கடிதம் அடித்து, கடையில் பிரிண்ட் எடுத்து வந்துவிட்டான். சொந்தக் காரணங்களுக்காக வேலையை விடுவதாக அதில் இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, சாமிப் படத்துக்குக் கீழே, வாங்கி வந்திருந்த பஸ்பப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்தார் நாராயணம்மா. சுமலதா அன்று சாப்பிடவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. சாமியார் மேல்கூட அவ்வளவு இல்லை. தன் சொந்தக் காரணத்தை அடுத்தவர்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆறு வருஷம். இந்த வேலைக்குப் போன பிறகுதான் அவளைப் பேர் சொல்லி, மரியாதையாகக் கூப்பிடும் இடம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அதை ஒரு மூக்கு பறித்துக்கொள்வதா?

யோசிக்க யோசிக்க ஏற்பாட்டின் அழகு அவளுக்குப் புரிந்தது. பஸ்பம் வேலை செய்தால் சாமியாரால். செய்யாவிட்டால் சுமலதாவால்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு ரூபாவிடம் சொன்னாள். ரூபா சிரிக்கவில்லை.

"எங்க வூட்லயும் அதே கததான்க்கா. எங்க மாமியாரு போன மாசம் போயிட்டு வந்தாங்க. இரும்புக் காலுன்னுதான் சொல்லி அனுப்பிச்சிருக்காரு."

முன் சீட்டிலிருந்து காவேரி திரும்பினாள். அவள் வீட்டிலும் அதே. பின்னாலிருந்து ஜைபா எழுந்து வந்தாள். "எங்க மாமா ரோஜாத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்காரு. அவுரு போவல. ஆனா பக்கத்துத் தோட்டத்துக்காரரு போயிட்டு வந்து, உங்க வூட்டுப் பொண்ணாலதான் என் செடி வாடுதுன்னு சண்டைக்கு வந்துட்டாரு."

ஒரு பஸ்ஸில் நான்கு பேர். பஸ் ஓசூர் போய்ச் சேர்வதற்குள் ஒன்பதாகிவிட்டது. மாமியார்களும் மாமனார்களும் பல வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த வார்த்தையைத்தான் சுவாமிகள் மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். ஆராய்ச்சியாளர்தான், சந்தேகமில்லை. ஆராய்ந்தது மண்ணை அல்ல.

"கேஜ செக் பண்ணலாமா?" என்றாள் சுமலதா.

குவாலிட்டிப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அளக்கும் கருவிக்குத்தான் கேஜ் என்று பெயர். துண்டு தப்பு என்று கேஜ் காட்டினால், துண்டைச் சிவப்பு டப்பாவில் போடுவதற்கு முன்னால் கேஜையே சந்தேகப்பட வேண்டும் என்பது அவர்களுடைய பிரிவில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம். சோதிப்பதும் சுலபம். ஒரே துண்டை, நம்பரை மறைத்து, ஒன்றுக்குப் பலமுறை அளக்கக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு வந்தால் கோளாறு துண்டில் இல்லை. கேஜ் குப்பைக்குப் போகும்.

அன்று ஷிப்டு முடிந்து வந்ததும், சாமிப் படத்துக்குக் கீழிருந்த பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்து ஒரு பிடி பொடியை எடுத்தாள். டம்ளர் தண்ணீரில் போட்டு விரலை விட்டாள். ஜில்லென்றது. வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். துணியில் கற்பூர வாடையோடு கரித்தூள் தங்கியது. இறங்கிய தண்ணீரைத் தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது, வெயிலில் காய்ந்த தட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. அவள் பிறந்தது ராயக்கோட்டையில், தக்காளிக்காரர் வீட்டில். பள்ளிக்கூடம் போகும் முன் அப்பாவுக்கு வாளியில் யூரியா கரைத்துக் கொடுத்த கை அது. அந்தக் குளிர் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மாமனாரிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மருமகள் சொன்னதாக இருக்கும். அவர் கையாலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஒன்று மட்டும் கேட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம எங்கூட ஒரு தடவ வாங்க மாமா. நான் சொல்றாப்புல ஒரு டெஸ்ட்டு. அதுலயும் சாமி சரியாச் சொல்லிட்டாருன்னா, அங்கயே அந்த லெட்டர்ல கையெழுத்துப் போடறன். போறப்ப நம்ம கொட்டாயில இருக்கற யூரியாவுல ரெண்டு புடி எடுத்துக்கோங்க."

திம்மராயன் யோசித்தார். நேர்மையான மனிதர். அதனால்தான் சுலபமாக ஏமாந்தார். "சரிம்மா" என்றார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கூட்டம் சேர்வதற்கு முன் அவர்கள் மையத்தின் வாசலில் இருந்தார்கள். சுமலதா போர்டுக்குக் கீழே இருந்த மண்ணைக் காட்டினாள்.

"இந்த மண்ண நீங்களே தோண்டுங்க மாமா."

திம்மராயன் பின்வாங்கினார். "சாமி எடத்து மண்ணாச்சேம்மா."

"சாமி எடத்து மண்ணுல பாவம் இருக்குமா?"

"அது எப்பிடி இருக்கும்?"

"அப்ப பயமில்லாம தோண்டுங்க."

தோண்டினார். துண்டை விரித்து அதில் கொட்டி, கல் பொறுக்கி, நன்றாகக் கலந்தார். பத்துப் பைகளில் அவரே நிரப்பினார். ஒன்பது மணிக்கு ரூபாவும் காவேரியும் ஜைபாவும் மற்றவர்களும் வந்தார்கள். எட்டுப் பேருக்கு எட்டுப் பை. சுமலதாவுக்கு இரண்டு பை, இரண்டு டோக்கன், இரண்டு படிவம். படிவத்தை மட்டும் ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொண்டார்கள். அன்று சுவாமிகளைப் பார்க்க வந்தவர்களில், அந்தப் பத்துப் பையிலும் ஒரே மண்தான் என்று தன் கையாலேயே கலந்து தெரிந்துகொண்டவர் திம்மராயன் ஒருவர்தான். முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரூபாவின் முறை முதலில் வந்தது. படிவத்தில், மாடு விற்றதாக எழுதியிருந்தாள். சுவாமிகள் முகர்ந்தார். "கோமாதா கண்ணீரு. கொட்டிலுக்கு வெளிய வுட்டீங்களே, அந்தச் சாபம்."

திம்மராயன் நெற்றியைச் சுருக்கினார்.

காவேரி, போர்வெல் வறண்டதாக எழுதியிருந்தாள். அதே மண்ணில் இப்போது நாகம் ஒன்று துளைபட்டுச் செத்திருந்தது. ஜைபா, குத்தகை நிலம் என்று எழுதியிருந்தாள். பழைய சொந்தக்காரனின் வயிற்றெரிச்சல் வந்தது. பங்காளிச் சண்டை என்று எழுதியவளுக்குப் பங்காளியின் செய்வினை. கம்பெனி வேலை என்று எழுதிய இருவருக்கும் தயங்காமல் இரும்புக் கால். நிலத்தில் இடிந்த வீடு இருக்கிறது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவளுடைய மண்ணை முகர்ந்ததும் சுவாமிகள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ரத்த வாடை. இந்த மண்ணுல ஒரு கொல நடந்திருக்குது."

கூட்டம் நடுங்கியது. திம்மராயன் எழுந்து நின்று, மறுபடியும் உட்கார்ந்தார்.

எட்டாவது பெண் படிவத்தில் பெயரைத் தவிர எதையும் எழுதவில்லை. பிரதாப் படிக்க ஒன்றுமில்லாமல் இருமினார். சுவாமிகளின் மூக்கு வெகுநேரம் மண்ணருகே நின்றது. இப்படியும் ஒரு பக்தை வருவாள் என்று குகையில் சொல்லித் தரவில்லை. கடைசியில் "குலதெய்வக் குத்தம்" என்றார். அதை யாருக்கும் சொல்லலாம்.

சுமலதாவின் முதல் பைக்கு இரும்புக் கால். முக்கால் மணி நேரம் கழித்து அவளே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு இரண்டாவது பையோடு வந்தாள். இந்தப் படிவத்தில், கம்பெனிக்குப் போகும் பெண் இல்லை, மாடு விற்றோம் என்று இருந்தது. கோமாதா மறுபடியும் அழுதாள்.

திம்மராயன் எழுந்தார். சத்தம் போடவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க. கொல நடந்திருக்குதுன்னீங்களே, யாரைன்னு சொல்வீங்களா?"

"அது அந்த நெலத்துக்காரனுக்குத் தெரியும்" என்றார் சுவாமிகள், கண்ணைத் திறக்காமல்.

"நெலத்துக்காரரு நீங்கதானுங்க. அது உங்க வாசல் மண்ணு. காலையில ஆறு மணிக்கு நாந்தான் தோண்டுனேன். இந்தப் பத்துப் பையும் ஒரே மண்ணு. நானே கலந்து நானே கட்டுனது."

சுவாமிகள் கண்ணைத் திறந்தார். ஐந்து மாதத்தில் முதல்முறையாக ஒரு பக்தரின் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் ஒரு பதிலும் இல்லாமல் இறங்குவதில்லை.

"மூடா. மண்ணு ஒண்ணாயிருந்தா என்ன? எவ கையில வந்ததோ, அவ பாவம் அந்த மண்ணுல ஏறும். கை மாறுனா பாவம் மாறும்."

"ஆமா, கரெக்ட்டு" என்றது கூட்டம். நிம்மதிப் பெருமூச்சுகூடக் கேட்டது. ஏமாந்தோம் என்று தெரிந்துகொள்வதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை.

சுமலதா துப்பட்டாவை எடுத்துவிட்டு முன்னால் வந்தாள். கையில் இரண்டு டோக்கன்.

"அறுபத்தி ஒண்ணு நானுங்க. எழுபத்தி நாலும் நாந்தான். ஃபாரம் பிரதாப் அண்ணன் கையில இருக்குது, பேரைப் பாருங்க. மண்ணு அதே மண்ணு. கையும் அதே கை. மொதல்ல எனக்கு இரும்புக் காலு, அப்புறம் மாட்டுச் சாபம். ரெண்டுக்கும் நடுவுல மாறுனது காயிதம் மட்டுந்தானுங்க."

பிரதாப் படிவங்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். முன்வரிசையில் இருந்த மாலூர்க்காரர் ஒருவர் எழுந்துபோய் அவற்றை வாங்கினார். கேட்டு வாங்கினார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டு படிவத்திலும் சுமலதா என்ற பெயர், ஒரே கையெழுத்து.

கூட்டத்தில் இருந்த கிருஷ்ணப்பன் அப்போதும் விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும்மா. பஸ்பம் வேல செய்யுதா இல்லியா? என் தோட்டத்த வந்து பாரு, எப்பிடி நிக்குதுன்னு. தண்ணியில போட்டதும் பூமித்தாய் குளிர்றாளே, அதுக்கு என்னா சொல்ற?"

"நீங்களே கை வெச்சுச் சொல்லுங்க பெரியப்பா."

மேடையில் இருந்த இரண்டு செம்புகளில் பாதிப் பாதி தண்ணீர் ஊற்றினாள். ஒன்றில் ஜீவபஸ்பம். இன்னொன்றில், திம்மராயன் முடிச்சவிழ்த்துக் கொடுத்த வெள்ளைக் குருணை. இரண்டையும் கலக்கினாள். கிருஷ்ணப்பன் முதல் செம்பில் கையை விட்டார். தாய் குளிர்ந்திருந்தாள். இரண்டாவதில் விட்டார். அங்கேயும் குளிர்ந்திருந்தாள். கையை எடுத்து முகர்ந்தார். பிறகு மறுபடியும் விட்டார். ஐம்பது வருஷமாக வாளி வாளியாகக் கரைத்த கை. தெரியாமல் இருக்குமா?

"இது யூரியா" என்றார்.

"அதுவும் அதேதானுங்க. கரித்தூள அரைச்சுக் கலந்திருக்காங்க. கற்பூரம் போட்டு வாடைய மாத்தியிருக்காங்க. அதனாலதான் எல கரும்பச்சையாச்சு. அளவு மீறிப் போட்டதால பூவு நிக்கல."

ராயக்கோட்டை மண்டி வியாபாரி கௌஸ் பாஷா, கிருஷ்ணப்பனின் தக்காளிக்குச் சொல்லிவைத்திருந்தவர், சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நானு மூணு வாரமாச் சொல்றேன் கிருஷ்ணப்பா. எலைய மண்டியில ஏலம் போட முடியாதுன்னு."

கிருஷ்ணப்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டுறவு சங்கத்தில் மூட்டையாகக் கிடைப்பதைப் பொட்டலமாக வாங்கி, ரசாயனமே படாத தோட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். அதைவிட, தன் கைக்குத் தெரிந்த குளிரைத் தானே கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டிருக்கிறார். யாருக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வாளியில் அந்தக் குளிரைத் தொட்டவர்கள்தான்.

மற்றபடி சொல்ல அதிகமில்லை. சுவாமிகள் தியானத்துக்காக உள்ளறைக்குப் போனார். உள்ளறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது; கோழிப்பண்ணைகளில் அப்படித்தான் கட்டுவார்கள். கூட்டத்தில் யாரோ போன் போட, போலீஸ் வந்து கதவைத் திறந்தபோது நாற்பது மூட்டை யூரியாவும் இரண்டு அரவை மெஷினும் தியானத்தில் இருந்தன. சுவாமிகளைக் கர்நாடகப் பக்கம் பிடித்தார்கள். பிரதாப்பைப் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாலூர்க்காரர் அவரை விடவே இல்லை.

வீட்டு வாசலில் நாராயணம்மா காத்திருந்தார். "என்னா சொன்னாரு?" என்றார்.

திம்மராயன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மகனிடம் நீட்டினார். "நீ எழுதுனத நீயே கிழி."

தினேஷ்குமார் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. கிழித்தான். நாலாக மடித்து மறுபடியும் கிழித்தான்.

திம்மராயன் மருமகள் பக்கம் திரும்பினார். "தப்புப் பண்ணிட்டோம்மா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தார். சுமலதாவுக்கு அழுகை வந்தது. அவ்வளவு நாள் வராதது, இப்போதுதான் வந்தது.

அடுத்த வாரம் திம்மராயன் இன்னொரு பை மண்ணைக் கிருஷ்ணகிரிக்கு எடுத்துப்போய் அரசாங்க மண் பரிசோதனைக்குக் கொடுத்தார். அங்கே யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. பெயர், ஊர், சர்வே நம்பர், போட்ட பயிர். அவ்வளவுதான் கேட்டார்கள். கொஞ்ச நாளில் அட்டை வந்தது. மண்ணில் கரிமச் சத்து மிகக் குறைவு. மக்கிய தொழு எரு போடவும். தக்காளியையே திரும்பத் திரும்பப் போடாமல் நடுவில் பயறு போடவும். மாட்டை விற்றுவிட்டு மூன்று வருஷமாக ஒரு கூடை எருகூடப் போடாத நிலம் வேறு என்ன சொல்லும்? அட்டையை மேலும் கீழும் இரண்டு முறை படித்தார். மருமகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து, தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்துக் குடும்பத்தின் தலையெழுத்தைச் சொல்லும் ஒரு அம்மா ராயக்கோட்டைக்கு வந்திருப்பதாகச் செய்தி பரவியது. கிருஷ்ணப்பன்தான் வேலியருகே வந்து சொன்னார். மனிதருக்கு எதுவும் நெடுநாள் நினைவில் நிற்பதில்லை.

"நாளைக்கி வண்டி போவுது. வர்றியா நாராயணம்மா?"

"வர்றேன்" என்றார் நாராயணம்மா. "கொழாத் தண்ணிய ரெண்டு பாட்டில்ல புடிச்சு எடுத்துட்டு வர்றேன். ரெண்டுக்கும் வேற வேற பேரு எழுதிக்கலாமா?"

கிருஷ்ணப்பன், வண்டியில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாவம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இருபத்தேழு வருஷம் குகையில் உட்கார வேண்டும். பொய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவ்வளவு சிரமமில்லை. இரண்டு பை போதும்.